இருக்கையின் உயரமும் இருப்பவரின் உயரமும்

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நளனின் வடிவந் தாங்கித் தேவர் நால்வர் அமர்ந்திருந்தனர் என்பதும், கண் இமையாமை, மாலை வாடாமை, கால் நிலந் தோயாமை ஆகிய குறிகளால் அவரைப் பிரித்தறிந்து அவள் மானிடனாகிய நளனுக்கே மாலை சூட்டினாள் என்பதும் யாவரும் அறிந்த கதை. நிலத்திற் கால் பாவாமை தேவர்க்கு அழகாகலாம். இயந்திர வண்டியொன்றின்மேல் அமர்ந்து நாற்சந்தியில் அதனை நிறுத்த முயலும் மானிடர்க்கு அஃது அழகன்று, இடர்.

இன்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை எதுவாயினும் அதன் வாயிலிற் காலை வேளையிற் சிறிது நேரம் நிற்போர், ஆசிரியைமாரும் பிள்ளைகளை ஏற்றிவருந் தாய்மாரும் ஸ்கூட்டரில் வந்திறங்குதலைக் காண்பர். ஒரு தலைமுறைக்கு முன்னர் அவ்விடம் துவிச்சக்கர வண்டிக்கு உரியதாயிருந்தது. துவிச்சக்கர வண்டியை வாங்கிய ஒருவர் அதன் இருக்கையைத் தமக்கேற்ப உயர்த்தவோ தாழ்த்தவோ ஒரு ஸ்பானரும் இரண்டு நிமிட நேரமும் போதும். தந்தைக்கு உயர்த்திய இருக்கையை மாலையில் மகளுக்குத் தாழ்த்துதல் வீடுகளில் வழக்கமாயிருந்தது. ஸ்கூட்டரிலோ இந்த எளிய வசதி இல்லை. தொழிற்சாலை எவ்வுயரத்தில் அமைத்ததோ அவ்வுயரத்திலேயே ஐந்தடி உயரமுடையாரும் ஆறடி உயரமுடையாரும் அமர வேண்டியுளது. உயரங் குறைந்தவர் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பெருவிரல் நுனியால் நிலத்தைத் தேடுகின்றார்.

ஓடும்போது விழுவோரினும் நிற்கும்போது சரிவோரைப்பற்றி மக்கள் நகைச்சுவையாகப் பேசுவதுண்டு. ஆயின் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் முழங்காலின்மேற் சாய்தல் நகைத்தற்குரியதன்று. பின்னிருக்கையிற் பிள்ளை இருப்பின், சரிவது ஒருவர் மட்டுமல்லர்.

உயரத்திற்கேற்ற வண்டியைத் தெரிந்து வாங்குவதே முறை என்பது உண்மையே. எனினும் தெரிவு எக்காலத்தும் வாங்குவோர் கையில் இருப்பதில்லை. இலங்கையில் 2020ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025ஆம் ஆண்டு தளர்த்தப்படும்வரை, புதிய ஸ்கூட்டர் வந்திறங்குதல் ஏறக்குறைய நின்றுபோயிற்று. அவ்வாண்டுகளில் வண்டி தேடியோர், கைக்கு அகப்பட்ட பழைய வண்டியைச் சொன்ன விலைக்கு வாங்கினரேயன்றி, இருக்கையின் உயரத்தை அளந்து பார்த்து வாங்கினாரல்லர். அங்ஙனம் வாங்கப்பட்டவை இன்றும் ஓடுகின்றன. ஆதலின் வண்டிக்கு ஆளைப் பொருத்துவதா, ஆளுக்கு வண்டியைப் பொருத்துவதா என்னும் வினா பலர்க்கு நாள்தோறும் எழும் வினாவாகும்.

ஸ்கூட்டரின் இருக்கை ஏன் அவ்வுயரத்தில் உளது என்பதை அறிய, அவ்வண்டி பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்து விமானத் தொழிற்சாலை அழிந்தது. போர் முடிந்தபின் மக்களுக்கு வேண்டியது குண்டுவீச்சு விமானமன்று, மலிவான வண்டியே என்பதை உணர்ந்த என்றிகோ பியாஜியோ, அதனை வரைந்து தரும் பொறுப்பைக் கொறடினோ தஸ்கானியோ என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைத்தார். தஸ்கானியோ உலங்குவானூர்தி அமைப்பதில் முன்னோடிகளுள் ஒருவர். மோட்டார்ச் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத பொருள். அதன்மேற் கால் விரித்து ஏறுதலும், சங்கிலியின் எண்ணெய் உடையிற் படுதலும், ரயர் மாற்றுதலின் வில்லங்கமும் அவருக்கு வெறுப்பூட்டின. அந்த வெறுப்பே நல்ல வண்டியொன்றைப் படைத்தது. இயந்திரத்தைப் பின்சில்லின் அருகே ஒதுக்கிச் சங்கிலியை நீக்கினார். முன்பக்கத்தை வெறுமையாக்கிப் பாதம் வைத்து நுழையுந் தளம் அமைத்தார். விமானச் சில்லுத் தாங்கியைப் போன்று முன்சில்லை ஒரு பக்கத்தால் மட்டுந் தாங்கச் செய்தார். 1946ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி புளோரன்ஸ் நகரில் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. குளவி எனப் பொருள்படும் வெஸ்பா என்பதே அவ்வண்டியின் பெயர். நீண்ட ஆடை உடுத்தோரும் கால் தூக்காது ஏறுதற்கு இயன்ற அவ்வமைப்பினாலேயே, முக்காற் பங்கு நூற்றாண்டின் பின் நம் நாட்டிற் சேலையுடுத்த ஆசிரியைமாரின் ஊர்தியாக ஸ்கூட்டர் ஆயிற்று எனலாம்.

முதலில் வந்த வண்டிகளில் இருக்கை, சுருள்வில்லின்மேற் பொருத்திய தனிச் சேணமாக இருந்தது. இக்காலத்து ஸ்கூட்டரில் அஃது ஒரு பெட்டியின் மூடியாகிவிட்டது. அம்மூடியின்கீழ்த் தலைக்கவசம் வைக்கும் பெட்டியும், பல வண்டிகளிற் பெற்றோல் தாங்கியும், அவற்றின்கீழ்ச் சில்லோடு சேர்ந்து மேலுங் கீழும் ஆடும் இயந்திரமும் உள. இயந்திரம் ஆடுதற்கு வெளி வேண்டும். பெட்டிக்கு ஆழம் வேண்டும். அவற்றின் மேலேதான் மனிதன் அமர வேண்டும். துவிச்சக்கர வண்டியின் இருக்கைத் தண்டு இறங்குதற்குக் கீழே வெறுங் குழாய் உளது. ஸ்கூட்டரின் இருக்கை இறங்குதற்குக் கீழே இடமே இல்லை. இருக்கையைத் தாழ்த்துதல் பற்றிய இடர்ப்பாடு முழுவதும் இதிலிருந்தே தோன்றுகின்றது. ஹொண்டா அக்டிவா 6ஜி வண்டியின் இருக்கை நிலத்திலிருந்து 764 மில்லிமீற்றர், ரி.வி.எஸ். என்ரோர்க் வண்டியினது 770, வெஸ்பா ஜி.ரி.எஸ். வண்டியினது 790. ஒன்றற்கொன்று வேறுபாடு இரண்டரைச் சென்ரிமீற்றரே. அந்த இரண்டரைச் சென்ரிமீற்றரிலேதான் குதி நிலம் படுவதும் படாததும் அடங்கியுளது.

இவ்வுயரங்கள் ஒரு சராசரி மனிதனைக் கருதி வைக்கப்பட்டவை என்று பொதுவாகக் கூறுவர். சராசரி மனிதன் என்பான் யாவன் என்பதை ஆராய்ந்தார் ஒருவர் உளர். அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த கில்பேட் டானியல்ஸ் என்பார் 1950ஆம் ஆண்டளவில் விமானிகள் 4,063 பேரின் உடலளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பளவு, கையின் நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, அப்பத்திலும் நடுத்தரமாக அமைந்தவர் எத்துணைப் பேர் எனக் கணக்கிட்டார். ஒருவர்தானும் இலர். மூன்று அளவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் மூன்றிலும் நடுத்தரமானோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவாகவே இருந்தனர். சராசரிக்கென அமைத்த ஆசனம் எவர்க்கும் பொருந்தாது என்பதை விமானப் படை இதனால் உணர்ந்தது. முன்னும் பின்னும் நகர்த்தவும், உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய ஆசனங்கள் விமானங்களில் இடம்பெறலாயின. மோட்டார்க் கார்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. பெரிய மோட்டார்ச் சைக்கிள்கள் சிலவற்றிலும் இருக்கையை இரு உயரங்களில் வைக்கலாம், பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஜி.எஸ். என்பதன் இருக்கை 850, 870 மில்லிமீற்றர் என்னும் இரு நிலைகளை உடையது. எளியோரின் ஊர்தியாகிய ஸ்கூட்டரை மட்டும் இந்த ஞானம் இன்னும் எட்டவில்லை. டானியல்ஸ் அளந்தோர் அனைவரும் ஆடவர் என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

கால் எட்டாமையைக் கணக்காற் காட்டுதல் கடினமன்று. ஐந்தடி, அதாவது 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவரின் கவட்டிலிருந்து நிலம்வரையுள்ள கால்நீளம் ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். பாதணியின் தடிப்பு 2 சென்ரிமீற்றரைக் கூட்ட 72 ஆகும். வண்டியின் இருக்கை 76.4 சென்ரிமீற்றர் எனினும், ஒருவர் அமரும்போது பஞ்சும் சுருள்வில்லும் அமிழ்வதால் 3 சென்ரிமீற்றர் தாழும் எனக் கொள்க; மிகுவது 73.4. இவ்வளவே கணக்கு ஆயின் குறை ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு உட்பட்டதே. ஆயின் கால் நேராகக் கீழிறங்குவதில்லை. இருக்கையின் அகலம் அதனைப் பக்கவாட்டிற் தள்ளுகின்றது. செங்குத்திலிருந்து 20 பாகை சரிந்த காலின் நிலைக்குத்து நீளம் 67.7 சென்ரிமீற்றரே; 15 பாகை சரியின் 69.5. ஆகவே அகன்ற இருக்கையில் அமர்ந்தவருக்கு நிலம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் எட்டாது. அவர் குதியை உயர்த்தி விரல்நுனியில் நிற்கின்றார். இதனின்று பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. உயரம் போலவே அகலமும் காலைக் களவாடுகின்றது. இருக்கையின் உயரத்தை மட்டும் விளம்பரத்திற் படித்து வண்டி வாங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

விரல்நுனியில் நிற்றலால் வருங் கேடு யாது? வண்டி செங்குத்தாக நிற்கும்வரை யாதுமில்லை. சிறிது சாய்ந்தவுடனேயே இடர் தொடங்குகின்றது. வண்டி 106 கிலோகிராம், இருப்பவர் 50 கிலோகிராம், ஆக 156 கிலோகிராம் என்றும், இரண்டினதும் ஈர்வை மையம் நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் உளது என்றும், ஊன்றிய பாதம் ரயர் நிலந்தொடும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி உளது என்றுங் கொள்க. வண்டி 5 பாகை சாயின் ஈர்வை மையம் 5.7 சென்ரிமீற்றர் பக்கம் பெயரும். நெம்புகோல் விதிப்படி பாதம் தாங்கவேண்டிய பாரம் ஏறக்குறைய 30 கிலோகிராம். 15 பாகை சாயின் பெயர்ச்சி 16.8 சென்ரிமீற்றர், பாரம் 87 கிலோகிராம். உடலை மறுபக்கஞ் சாய்த்து இதனைச் சிறிது குறைக்கலாமெனினும் கணக்கின் போக்கு மாறாது. முழுப் பாதமும் நிலத்திற் பதிந்தவர் முதற் சாய்விலேயே வண்டியைத் தடுத்துவிடுகின்றார். கால் எட்டாதவரோ நிலத்தைத் தொடுதற்காகவே வண்டியை முன்னதாகச் சாய்க்கின்றார். அச்சாய்வினால் மும்மடங்கு பாரத்தைத் தம்மேல் வருவித்துக்கொள்கின்றார். வலிமைக் குறைவினால் வண்டி சரிந்தது என்று பிறர் கூறுவது பெரும்பாலும் தவறு. அவர் பலவீனர் அல்லர். வலிமை பயன்படாத இடத்தில் நிற்கின்றார் என்பதே உண்மை.

வண்டியிற் கைவைக்குமுன் செலவில்லாத வழிகள் சிலவற்றைப் பார்த்தல் வேண்டும். கட்டுள்ள, அடித்தடித்த பாதணி ஒன்று 2 சென்ரிமீற்றரைத் தரும். நம்மூரில் ஸ்கூட்டர் ஓட்டுவோரிற் பலர் அணியும் மெல்லிய செருப்பு, தருவதற்குப் பதிலாக நழுவிச் சென்று இருப்பதையும் பறிக்கும். உயர்ந்த குதியுடைய பாதணி பயன்படாது. குதி மட்டும் உயர்ந்து முன்பாதம் தாழ்ந்திருப்பதால் எட்டுந் தூரம் மிகுவதில்லை, கணுக்கால் மடங்கும் அச்சமே மிகும். நிறுத்தும்போது இருக்கையின் ஒடுங்கிய முன்பகுதிக்கு நகர்ந்துகொள்ளல் மற்றொரு வழி. இரு கால்களையும் ஒருங்கே ஊன்ற முயல்வோர் இரண்டினாலும் விரல்நுனியையே ஊன்றுவர். இடுப்பைச் சிறிது பெயர்த்து ஒரு காலை முழுமையாகப் பதித்து, மற்றக் காலைத் தளத்தில் வைத்துப் பிறேக்கைப் பிடித்து நிற்றல் நன்று.

எந்தக் காலை ஊன்றுவது என்பதிலும் ஒரு நுட்பம் உளது. மழைநீர் வடிதற்காக வீதி நடுவில் உயர்ந்து ஓரத்திற் தாழ்ந்திருக்கும். இடப்பக்கஞ் செல்லும் நம் நாட்டில் வீதியோரத்தில் நிற்பவரின் இடக்கால் தாழ்ந்த பக்கத்தில் விழுகின்றது. எட்டாத கால் மேலும் எட்டாமற் போகின்றது. நடைபாதைக் கட்டு இருப்பின் இடக்காலை அதன்மேல் வைத்தல் எளிது; கட்டில்லாத வீதியிலோ, போக்குவரத்து இடந்தரின், உயர்ந்த பக்கமாகிய வலப்பக்கம் கால் ஊன்றுவதே பாதுகாப்பு. ஆண்டுக்கணக்காக ஓட்டுவோரும் இதனைச் சிந்தியாது, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடுமாறுவதுண்டு.

இவ்வழிகளாற் குறை தீராதாயின் இருக்கையைத் தாழ்த்தலாம். அதற்கு உகந்த இடம் இருக்கையின் பஞ்சே. ஸ்கூட்டரின் இருக்கை மூன்று படைகளால் ஆயது. அடியிற் கெட்டியான பிளாஸ்ரிக் தட்டு. அதன்மேல் அச்சில் வார்த்த பொலியூரேதேன் பஞ்சு, கடைகளில் இதனை ஸ்பொஞ் என்பர். அதற்குமேல் றெக்சின் உறை. உறையின் ஓரம் தட்டின் அடியிற் சிறு கம்பித் தைப்புகளால் இறுக்கப்பட்டிருக்கும். இருக்கையைத் திறந்து, முன்பக்கத்துப் பிணைச்சலைக் கழற்றினால் அது முழுவதாகக் கையில் வந்துவிடும். தைப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாற் பஞ்சு வெளிப்படும். இதுவரை எவரும் செய்யக்கூடியது. இதன்பின் குஷன் வேலை செய்வோரிடம் கொடுத்தல் விவேகமாகும். பஞ்சைச் சமமாக வெட்டுதலும் றெக்சினைச் சுருக்கமின்றி இழுத்தலும் பழகிய கைக்கே வரும்.

எத்துணை வெட்டுவது என்பதை வேலைக்காரரின் கைக்கு விட்டுவிடலாகாது. பெரும்பாலான இருக்கைகளில் 3 சென்ரிமீற்றர் வெட்டலாம். அமரும் இடத்தில் 5 சென்ரிமீற்றர்ப் பஞ்சாயினும் எஞ்சியிருத்தல் வேண்டும். அதற்குக் குறையின் பஞ்சு முழுதும் நசுங்கித் தட்டின்மேலேயே அமர்ந்தது போலாகும். குழி நிறைந்த வீதியிற் பத்துக் கிலோமீற்றர் சென்று மீள்வோர்க்கு முதுகெலும்பே அதன் விலையைச் செலுத்தும். எஞ்சிய மெல்லிய பஞ்சின் இடத்தில் இறுகிய பஞ்சை வைக்கலாம். தடிப்புக் குறைந்தும் தாங்குந் திறன் குறையாது. ஆயின் இறுகிய பஞ்சு அமிழ்வதுங் குறைவாதலின், வெட்டிப் பெற்ற தாழ்வில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

உயரத்தை வெட்டுவதோடு முன்பகுதியின் இரு ஓரங்களையுஞ் செதுக்கி ஒடுக்குதல் இன்றியமையாதது. மேற்சொன்ன கணக்கை மீண்டும் நோக்குக. 6 சென்ரிமீற்றருக்கு அண்மித்த குறையில் 3 சென்ரிமீற்றர் வெட்டினால் மிகுவது 2.7. ஓரங்களை ஒடுக்கிக் காலின் சரிவை 20 பாகையிலிருந்து 15 பாகையாக்கின் ஏறக்குறைய 1.9 சென்ரிமீற்றர் மீளும். எஞ்சுவது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. அமரும் இடத்தை முன்னோக்கிச் சரிய விடலாகாது. சரியின் ஒவ்வொரு முறை பிறேக் பிடிக்கும்போதும் உடல் முன்னோக்கி வழுக்கும். பின்னிருப்பவரின் பகுதியைத் தொடாது, இரண்டிற்குமிடையே வரும் படியை மெதுவான வளைவாகச் செய்தல் வேண்டும். கூரிய படி இடுப்பின் பின்புறத்தை அழுத்தும். உறை புதிதாகத் தைக்கப்படின், தைத்த துளைகளினூடே நீர் புகும். வடகீழ்ப் பருவமழையில் ஒருமுறை நீர் குடித்த பஞ்சு கிழமைக்கணக்கிற் காயாது. ஓட்டுவோரின் உடையை நாள்தோறும் நனைக்கும். பஞ்சுக்கும் உறைக்கும் இடையே மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றை விரித்தல் இதற்கு எளிய பரிகாரம். செலவுக்கு இயலுமாயின் வண்டியோடு வந்த இருக்கையை வெட்டாது, பழைய இருக்கை ஒன்றை வாங்கி அதனை வெட்டுவித்தல் எல்லாவற்றிலும் மேலானது. ஒரே வண்டியைத் தாயும் வளர்ந்த மகனும் மாறிமாறி ஓட்டும் வீட்டில் இரண்டு இருக்கைகள் ஆடம்பரமல்ல.

இருக்கையை விடுத்து வண்டியையே தாழ்த்துவோர் உளர். பின்சில்லின் ஷொக் அப்சோபரில் இறுக்கத்தை மாற்றும் படிகள் இருப்பின், அதனை மிக இளகிய படியில் வைத்தல் தவறன்று. பாரங்குறைந்த ஒருவர் தனியே ஓட்டும்போது சில மில்லிமீற்றர் தாழ்வு கிடைக்கும். பின்னால் ஆள் ஏறும்போது மீள இறுக்கவேண்டும் என்பது மட்டும் நினைவிலிருக்க வேண்டும். குட்டையான ஷொக் அப்சோபரை மாற்றிப் பூட்டுவதோ வேறு வகையானது. அதனாற் கிடைப்பது எதிர்பார்ப்பதிலும் சிறிது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 126 சென்ரிமீற்றர் தூரமும், ஓட்டுபவர் முன்சில்லிலிருந்து 80 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருப்பின், பின்புறம் 2 சென்ரிமீற்றர் தாழும்போது அவர் இருக்குமிடம் 1.3 சென்ரிமீற்றரே தாழ்கின்றது. கொடுக்கும் விலையோ பெரிது. முன்சில்லின் கவை பின்னோக்கி மேலுஞ் சாய்வதால் மெதுவாகத் திரும்பும்போது கைபிடி பாரமாகும். முன்விளக்கின் ஒளி 25 மீற்றர் தூரத்தில் 40 சென்ரிமீற்றர் மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணிற் படும். சட்டத்திற் பூட்டிய பக்க ஸ்ராண்ட் வண்டியின் உயரத்திற்கு மிகையாகி, வண்டியைச் சாய்த்து நிறுத்தாது நிமிர்த்தி நிறுத்தும். சிறு காற்றோ ஒரு பிள்ளையின் கையோ பட்டால் மறுபக்கம் விழும். குழியிற் சில்லு மேலெழும்போது மட்காட்டில் உரசுதலும், வேகத் தடையில் வண்டியின் அடி தட்டுதலும் இவற்றோடு சேரும். முன்புறத்தையும் அதே அளவு தாழ்த்தின் இவற்றுட் சில தீரும். ஆயின் பல ஸ்கூட்டர்களில் முன்புறத்தைத் தாழ்த்துதல் கராஜ்களிற் செய்யத்தக்க காரியமன்று.

சுருள்வில்லைக் கழற்றி ஒன்றிரண்டு சுற்றுகளை அறுத்துவிடும் வழக்கமுஞ் சில இடங்களில் உளது. இதனை எவர் சொல்லினும் கேட்கலாகாது. சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் தொகைக்கு நேர்மாறானது. பத்துச் சுற்றில் இரண்டை அறுத்தால் எஞ்சிய எட்டு, முன்னையதிலும் நாலிலொரு பங்கு விறைப்பு மிகும். தாழ்ந்த வண்டி மென்மையாவதற்குப் பதிலாகக் கல்போலாகிவிடும். சில்லு முற்றாகத் தொங்கும்போது குட்டையான வில் தன் இருப்பிடத்தை விட்டு நழுவவுங் கூடும். சிறிய ரயர் பூட்டுதலும் பயனற்றது. 90/100-10 என்னும் ரயருக்குப் பதிலாக 90/90-10 என்பதைப் பூட்டினால், ரயரின் பக்க உயரம் 90 மில்லிமீற்றரிலிருந்து 81 ஆகக் குறையும். இருக்கைக்கு அதுவும் முழுமையாக வந்து சேராது. ரயரின் இலக்கத்தைப் படிக்கத் தெரிந்த எவர்க்கும் இது விளங்கும்.

ஆகவே பஞ்சிற் செய்யும் மாற்றமே மீளத்தக்கது. பிழைப்பினும் ஓர் இருக்கையோடு போய்விடும். சில்லிலும் வில்லிலுஞ் செய்யும் மாற்றம் வண்டியின் நடத்தையையே மாற்றிவிடும். காப்புறுதி செய்தோர் அத்தகைய மாற்றத்திற்கு முன் தம் நிறுவனத்திடம் எழுத்திற் கேட்டறிதல் வேண்டும்.

தாழ்ந்த இருக்கையில் முதன்முறை அமரும்போது, பழகிய வண்டியே புதிதாகத் தோன்றும். முழங்கால் முன்னையிலும் மேலெழுந்திருக்கும். கைபிடியை முற்றாகத் திருப்பி, அது முழங்காலில் முட்டாமையை இரு பக்கமும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கண்மட்டம் தாழ்ந்ததனால் இரு கண்ணாடிகளும் வானத்தைக் காட்டும். அவற்றைக் கீழ்நோக்கித் திருத்தல் வேண்டும். பின்னர் விடுமுறை நாளிற் பாடசாலை மைதானம் போன்ற வெறுமையான இடத்தில், மெதுவாக வந்து நிறுத்தி இடக்கால் ஊன்றுதல், நிறுத்தி வலக்கால் ஊன்றுதல், சரிவில் நிறுத்துதல், பின்னால் ஒருவரை ஏற்றி நிறுத்துதல் என ஓரிரு மணி நேரம் பழகுதல் நன்று. விரல்நுனியில் நின்று பழகியவர், குதி எட்டும் நிலை வந்தபின்னும் சில நாட்களுக்கு வண்டியைச் சாய்த்தே நிறுத்துவர். பாதம் முழுதும் பதிகின்றது என்பதை அறிவு உடனே ஏற்றுக்கொண்டாலும், கால் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலஞ் செல்லும்.